லண்டன் நேரத்தில் விடிந்த தெரு

கல்லிடைக்குறிச்சி பம்பைக்குளம் தெருவில் சூரியன் காலை பதினொன்றரை மணிக்கு உதிக்கத் தொடங்கியது, பிரம்மசக்தி தன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட அந்த மாசி மாதத்தில்தான் என்பதில் தெருவாருக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது. அது நல்லதா கெட்டதா என்பதில்தான் இரண்டு கட்சி.

பிரம்மசக்தி வீட்டு முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினையும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு, பட்டா மாற்ற மனு அடித்துக் கொடுப்பதும், ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும், காதுகுத்துக்குப் பத்திரிகை அடிப்பதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சநஞ்சம் கிழடு அல்ல. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய் அரிசி களைந்து உலையில் போட்டு, குழம்புக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு வந்தாலும் அது பாதிக் கண்ணைத்தான் திறந்திருக்கும். பார்க்க வந்த மெக்கானிக் அதை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிருங்க" என்று, கால் ஒடிந்த கோழியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கையில், 'பழைய கம்ப்யூட்டரை எறியாதீர்கள், லினக்ஸ் போடுங்கள், இலவசம்' என்று யாரோ எழுதியிருந்தது பிரம்மசக்தியின் கண்ணில் பட்டது. இலவசம் என்பதைவிட எறியாதீர்கள் என்பதுதான் அவளைப் பிடித்தது.

பென் டிரைவில் ஏற்றுவதற்கே ஒரு பகல் போயிற்று. முதல்முறை ஏற்றியதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் முறை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ ஓடி நின்றுபோயிற்று. அதற்கப்புறம், தொடங்கும்போது எந்த விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டு, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் அடிப்பவனைப் போல அந்த விசையை விடாமல் அடித்ததில், பளிச்சென்று ஒரு திரை வந்து அவளை வரவேற்றது. அது கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். பாஸ்வேர்டு வை என்றது. தன் புருஷனைத் தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிடும் ஒரு பெயரை அடித்து, அதன் வாலில் ஒரு @ குறியையும் சேர்த்து வைத்தாள். அப்புறம் ஓர் உலகப் படத்தைக் காட்டி, 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்டது.

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. படத்தில் சிவப்புப் புள்ளி லண்டனில் நின்றது. அதைத் தெற்கே இழுத்துக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுவரத்தான் பார்த்தாள். ஆனால் அவளுடைய மௌஸ் அழுக்கேறியது, தள்ளினால் துள்ளும், புள்ளி ஒரு தடவை கடலில் விழுந்தது, ஒரு தடவை ஆப்பிரிக்காவில் விழுந்தது, திரும்ப லண்டனுக்கே போய் ஒட்டிக்கொண்டது. அடுக்களையில் குக்கர் கூவியது. "இருந்துட்டுப் போ" என்று சொல்லி, 'தொடர்க' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்திப் புளியைத் தண்ணீரில் போடுவதற்குள் கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டது. ஆனால் வைஃபை இல்லை. இருக்கவேண்டிய மூலையில் குடை மாதிரியான அந்தப் படமே இல்லை. போதாக்குறைக்கு, @ அச்சிட்ட விசையை அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறி விழுந்தது. @ வேண்டுமென்றால் என்டர் பக்கத்தில் தடவ வேண்டியிருந்தது. புது மருமகளின் சமையலைப் போல இதன் வழக்கமே இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் ஒத்துப்போனாள்.

வைஃபைக்கு வழி தேடித் தமிழில் லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் போன் வழியாகப் போய்க் கேட்டாள். 'கருங்குருவி' என்ற பெயரில் யாரோ ஒருவர், போனை வயரால் கம்ப்யூட்டரோடு இணைக்கச் சொல்லி, அடிக்க வேண்டிய ஒரு வரியையும் அனுப்பிவைத்தார். அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டை அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள், ஒரு சீப்புப் பல்லும் இரண்டு அரிசியும் விழுந்தன, எழுத்து விழவில்லை. 'அது அப்படித்தான், காட்டாது, நம்பி அடியுங்கள்' என்றார் கருங்குருவி. சாமியிடம் வேண்டுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஏற்றுக்கொண்டது.

காலை பத்தரை மணிக்கு வைஃபை வந்தது. வந்தவுடனே கம்ப்யூட்டர் உலகத்துக் கடிகாரங்களோடெல்லாம் பேசிப் பார்த்து, தன் நேரத்தை லண்டன் நேரத்துக்குத் திருத்தி, மணி ஐந்து என்று காட்டியது. சூரியனும், கொடியில் காய்ந்த துணி, அப்பளப் பாய், கோலம் என்று தான் தொட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, வந்த வழியே கிழக்கே இறங்கி, குளத்தங்கரை மருதமரத்துக்குப் பின்னால் போய்விட்டது. நட்சத்திரங்கள் வந்தன. ஏதோ மறந்துவிட்டோம் என்ற முகத்தோடு சேவல்கள் கூட்டுக்குள் போயின.

தெரு மட்டும்தான். தேரடித் தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தெருவும் சேரும் முக்கில் நின்றால் ஒரு காலை வெயிலிலும் ஒரு காலை இருட்டிலும் வைக்கலாம். அன்றைக்கு வைக்காதவர்கள் யாருமில்லை.

பால்கார ஊய்க்காட்டான்தான் முதலில் வந்து கேட்டான். "யக்கா, ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மணி என்ன காட்டுது?"

"அஞ்சேகால்."

"அதானே பார்த்தேன், மாடு ரெண்டாம் தடவ கறக்க நிக்கி" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து பம்பைக்குளம் தெருவுக்கு மட்டும் பால் இரண்டு நடை வந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எப்படி இதோடு குடும்பம் நடத்துவது என்பதுதான் எல்லாருக்கும் கவலையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டார்ச் அடித்துக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கே அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் உச்சி வெயில், மற்ற தெருக்களில் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்திலும் இங்கே வெளிச்சம், அதனால் ஊரிலுள்ள கிரிக்கெட் கோஷ்டி அத்தனையும் இங்கேதான் கிடந்தது. பிள்ளையார் கோயில் குருக்கள் விடியல் பூசையை ஊர் நேரத்துக்கு ஒன்று, தெரு நேரத்துக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்தார். பொங்கலும் இரண்டு என்பதால் அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. கவுன்சிலர் வந்து மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, தெருவிளக்குப் போடுகிறவனுக்கு இந்தத் தெருவுக்கென்று தனி நேரம் எழுதிக் கொடுத்து, அதையே தன் சாதனையாகவும் சொல்லிக்கொண்டார். ராகுகாலம் எந்த நேரப்படி என்பதில் மட்டும் கடைசிவரை தெளிவு பிறக்கவில்லை. அதனால் எல்லாரும் தங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் பிரம்மசக்தி எதிர்பாராதது ஒன்று அவள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அவள் புருஷன் கோமதிநாயகம் நூல் ஆலையில் நிரந்தர ராத்திரி ஷிப்ட். கல்யாணமான நாளிலிருந்து விடியும்போது வந்து, வெயிலில் படுத்து, ஈரத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தூக்கத்தைத் துரத்திக்கொண்டு கிடக்கிற மனுஷன். அவரும் பிரம்மசக்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ரயில்வே கேட்டில் எதிரெதிர்ப் பக்கம் நிற்பவர்கள் பார்த்துக்கொள்வது மாதிரித்தான். அவர் பேச்செல்லாம் 'சோறு', 'தண்ணி', 'கதவச் சாத்து' என்ற அளவில் சுருங்கிப்போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

இருட்டு வந்த மறுநாள் அவர் ஆலையிலிருந்து வந்து படுத்தார். துண்டு நனைக்கவில்லை. தவளை கத்தியது, காற்று குளுகுளுவென்று வந்தது, சூரியன் மருதமரத்துக்கு மேலே வருகிறவரை கிடந்து தூங்கினார். எழுந்ததும், தூங்கிய பாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்னறைக்கு வந்தார்.

"ஏ சக்தி, நான் தூங்கிட்டேன்" என்றார், களவு கொடுத்தவர் போல.

"நல்லதுதானே."

"சொப்பனம்லாம் வந்துச்சு." பிறகு அவளை உற்றுப் பார்த்து, "ஒனக்கு எப்போ காதோரம் நரைச்சுது?" என்றார்.

ஒரே வாரத்தில் அவர் ஆளே மாறிப்போனார். கன்னத்தில் சதை வந்தது. டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் தான் கண்ட சொப்பனங்களைச் சொன்னார், எல்லாமே வெகு சாதாரணமான சொப்பனங்கள், பஸ்ஸில் சீட் கிடைத்தது, செருப்பு தொலைந்து கிடைத்தது என்று. ஆனால் அவர் சொல்லும் ருசியில் ஒரு பிரதி எடுக்க வந்தவர்கள் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

வினை இசக்கியம்மாள் வடிவத்தில் வந்தது. தெருவில் அப்பளம் போடும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. சுற்றுவட்டாரத்தில் அவள் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. அப்பளத்துக்குக் காலை வெயில் வேண்டும். வியாபாரியின் வேன் பிற்பகல் வந்து நிற்கும். பதினொன்றரைக்கு உதிக்கிற சூரியனை நம்பிப் போட்டால் எது காயும்? பாயைத் தூக்கிக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போனால் அந்தத் தெருக்காரர்கள், இது எங்கள் வெயில் என்றார்கள். சாயங்கால வெயிலில் காயவைக்கலாமென்றால் கிரிக்கெட் பந்து வந்து விழுந்தது. போன தடவை அனுப்பிய சரக்கு முழுக்கப் பூசணம் பூத்துப்போனதாகச் சொல்லி, இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்று வியாபாரி கையை விரித்துவிட்டார். வெயில் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை என்கிற வீடுகள் அந்தத் தெருவில் பாதிக்குமேல்.

காலை ஒன்பது மணி இருட்டில், தெருவிளக்கின் கீழே எல்லாரும் கூடினார்கள்.

"ஏட்டி சக்தி," என்றாள் இசக்கியம்மாள், "எந்த ஊரு சூரியன வேணும்னாலும் நீ வச்சுக்கோ. எங்க சூரியன எங்களுக்குத் தந்துரு."

"மைனி, மெதுவாப் பேசுங்க. உள்ள அவ்வொ தூங்குதாவ."

"அவ்வொ தூங்கட்டும்ட்டி. எங்க பிள்ளைக பட்டினியாத் தூங்கணுமா?"

பிரம்மசக்தி முன்னறைக்குள் போனாள். கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். தெருவே ஜன்னலில் அப்பிக்கொண்டு நின்றது. குழுவில் எழுதினாள்: 'வைஃபை வந்ததிலிருந்து என் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. சூரியனும் அப்படியே. என்ன செய்ய?'

முதலில் யாரோ, 'எங்கள் தெருவில் இந்தப் பிரச்சினை இல்லை. உங்களுடைய வெர்ஷன் என்ன?' என்று எழுதினார். இன்னொருவர், இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது, தேடிப் பாருங்கள் என்றார். அப்புறம் கருங்குருவி வந்தார். 'சூரியனைப் பற்றி எனக்குத் தெரியாது. கடிகாரத்துக்கு வழி இருக்கிறது. உங்கள் இடம் லண்டன் என்று இருக்கிறதா பாருங்கள். கல்கத்தா என்று மாற்றுங்கள்.'

"கல்கத்தாவா? அங்க எப்போ விடியுமோ!" என்று ஜன்னலில் ஒரு குரல் பதறியது.

"நம்ம நாடு முழுக்க ஒரே நேரந்தான், பேசாம இரு" என்றாள் இசக்கியம்மாள்.

தினமும் திறக்கும்போது கேட்காத பாஸ்வேர்டை இடத்தை மாற்றக் கேட்டது. அடித்தாள். தவறு என்றது. மெதுவாக அடித்தாள். தவறு. ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டு அடித்தாள். தவறு.

"சத்தமாச் சொல்லு, நான் அடிக்கேன்" என்றாள் இசக்கியம்மாள்.

"அதச் சொல்ல முடியாது மைனி."

"சாமி பேரா?"

"இல்ல."

"அப்போ சொல்லுததுக்கு என்ன?"

பிரம்மசக்தியின் முகம் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே சிவப்பது தெரிந்தது. ஜன்னலில் நின்ற பெண்களுக்கு விஷயம் விளங்கி, பட்டினிப் பேச்சை மறந்து சிரித்தார்கள். அவளோ விசைப்பலகையைக் கிட்ட இழுத்துவைத்துக்கொண்டாள். அதே பெயர், அதே வால், அன்றைக்கு ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் இன்றைக்கு யாரோ எவரோ என்று பார்க்கிறது. இடையில் என்ன மாற்றினேன் என்று யோசித்தாள். மனு அடிக்க வசதியாக, வைஃபை வந்த மறுநாள் விசைப்பலகையை இந்திய முறைக்கு மாற்றியிருந்தாள். அதன்பின்தான் @ தன் சொந்த இடத்தில் விழ ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்த விசையை அழுத்தினால் என்ன விழுந்தது? மேற்கோள் குறி. அப்படியானால் முதல் நாள் பாஸ்வேர்டு வைத்தபோதும் லண்டன் விசைப்பலகைதான். அவள் அழுத்தியது @, உள்ளே போய் உட்கார்ந்தது மேற்கோள் குறி. மறைத்துக் காட்டியதால் அவளுக்கே தெரியவில்லை.

புருஷன் பெயருக்குப் பின்னால் மேற்கோள் குறியைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது.

கல்கத்தா என்று மாற்றி என்டரைத் தட்டினாள். மருதமரத்துக்குப் பின்னால் காத்துக்கிடந்த சூரியன் ஒரே தாவாகத் தாவி, பத்து மணி வானத்தில் போய் உட்கார்ந்தது. கூவுவதற்காகக் கழுத்தை நீட்டியிருந்த சேவல் ஒன்று அப்படியே புரையேறி நின்றது. தெருவே கைதட்டியது. இசக்கியம்மாள் பிரம்மசக்தியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, பாயை எடுக்க ஓடினாள்.

உள்ளே கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாளிப் பக்கம் போய், துண்டை நனைத்துப் பிழிந்து, கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தார். "கதவச் சாத்து" என்றார்.

அவர் சண்டை போட்டிருந்தால் பிரம்மசக்தி தாங்கியிருப்பாள். அந்தத் துண்டை அவர் பிழிந்த பிழியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்பளம் காய்ந்தது, வேன் வந்தது, வியாபாரி சிரித்தார், வீட்டுக்குள் சொப்பனம் நின்றுபோயிற்று. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கருங்குருவிக்கு எழுதினாள்: 'ஐயா, ஊர் நேரத்தைக் கெடுக்காமல், ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் லண்டன் நேரம் வைக்க முடியுமா?'

கருங்குருவி உடனே பதில் போட்டார். 'தாராளமாக. ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கொரு நேரம் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸின் அழகே அதுதான்.' செய்முறையையும் எழுதியிருந்தார். அடியில், 'நான் ஐயா அல்ல, அம்மா. எங்கள் வீட்டுக்காரரும் ராத்திரி ஷிப்ட்தான்' என்று ஒரு வரி இருந்தது.

பிரம்மசக்தி கோமதிநாயகத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதற்கு மட்டும் லண்டன் என்று எழுதிவைத்து, அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆலையில் நூல் சுற்றும் எத்தனையோ கதிர்களை மேய்க்கிற மனுஷன் விசைப்பலகைக்கு முன்னால் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு வியர்த்தார்.

"பாஸ்வேர்டு வைங்க. யார்ட்டயும் சொல்லக்கூடாது."

அவர் கையை மறைத்துக்கொண்டு வெகுநேரம் தேடித் தேடி அடித்தார். அடிக்கும்போது ஒருதரம் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன வச்சீங்க?"

"யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

என்டரைத் தட்டினார். தெருவில் வெயில் அப்படியே இருந்தது, அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது, கொடியில் துணி பளபளத்தது. கோமதிநாயகத்தைச் சுற்றி மட்டும், ஒரு கொசுவலை அளவுக்கு, ராத்திரி கவிந்து நின்றது.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. காலையில் அவர் ஆலையிலிருந்து தன் இருட்டோடு வருவார். உள்ளே இரண்டு மின்மினியும் ஒரு சில்வண்டும் கூடவே வரும். டீக்கடைக்காரர் அவர் பெஞ்சுக்கு மட்டும் ஒரு விளக்கைப் போட்டுவைப்பார். தலைவலிக்காரர்கள் அவர் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஊர் இருட்டிய பிறகு அவரைச் சுற்றி வெயில் அடிக்கும். ஆலைக்குப் புறப்படுவதற்கு முன்னால் அவர் சோற்றுத் தூக்கோடு வெளியே வந்து நின்றால், அரைகுறையாகக் காய்ந்து மிச்சமிருக்கும் அப்பளப் பாயோடு இசக்கியம்மாள் ஓடி வருவாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இப்படி நில்லுங்க. கொஞ்சம் தள்ளி. அந்த ஓரத்துல வெயில் படல, பாருங்க."

"ஷிப்டுக்கு நேரமாச்சும்மா."

"திருப்பிப் போட்டுருதேன், ஒரு நிமிசம். ஒங்கள மாதிரி சீரா அடிக்கிற வெயில் வராதுண்ணாச்சி."

அவரும் நிற்பார். வரவர அதில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

பங்குனியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், மனு அடித்து விரல் ஓய்ந்துபோய், பிரம்மசக்தி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். கோமதிநாயகம் படுத்திருந்த மூலையில் கறுகறுவென்று இருட்டு. எட்டிப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளத்தில் இறங்குகிறவளைப் போல ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. மேலே, ஓட்டுக்கு அடியிலேயே, நட்சத்திரம் இருந்தது. அவர் தூக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் படுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் இருந்தது எத்தனை முறை என்று யோசித்துப் பார்த்து, யோசனை ஓடாமல் விட்டுவிட்டாள்.

வாசலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், யாரோ ரேஷன் கார்டை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

"யக்கா! ஒரு ஜெராக்ஸ்!"

பிரம்மசக்தி கண்ணைத் திறக்கவில்லை.

"இரிங்க," என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. "விடிஞ்சதும் எடுத்துத் தாரேன்."